முயல்போர்வை

மார்ச் 4
இன்றும் மின்விசிறி போடவில்லை. போட்டால் காய்ந்த இலைகள் பறந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் பூச்சி வரும். ஒன்பது வருடமாக இந்தத் தாவரக் காப்பகத்தில், அந்துருண்டை வாசத்தில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுகிறேன். அவற்றில் ஒன்றைக்கூட உயிரோடு பார்த்ததில்லை.

மார்ச் 6
அதிகாரி வாக்குக் கொடுத்துவிட்டார்! "இந்த நாப்பது தாளையும் முடிச்சுக் குடும்மா. அடுத்த மாசம் சேகரிப்புக் குழுவோட உன்னையும் அனுப்பறேன்." ஆறு மாதம் வெளியே, செடி தேடிக் காட்டிலும் வயலிலும். வீட்டில் சொன்னேன். கணவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "நிழல்ல உக்காந்து சம்பளம் வாங்கறது கசக்குதா உனக்கு?"
ஆமாம், கசக்கிறது.

மார்ச் 11
நாற்பதும் ஒரே வகையறா. விரல் நீளம், இலை முழுக்க வெள்ளைப் பஞ்சு, பூ என்று பேருக்கு ஒரு மஞ்சள் பொட்டு. சூரியகாந்திக் குடும்பமாம். பணக்கார வீட்டின் ஏழைச் சொந்தம் போலத்தான் இருக்கின்றன. அறிவியல் பெயர் எல்லாவற்றுக்கும் உண்டு. 'மக்கள் வழங்கும் பெயர்' என்ற கட்டம்தான் காலி. இவற்றைக் கொண்டுவந்த சேகரிப்பாளர் அண்ணனிடம் கேட்டேன்.
"வயல்ல கேட்டா 'களை'ங்கறாங்க. அதைப் பேருன்னு எப்படிம்மா எழுதறது?"
கட்டம் காலியாக இருந்தால் அதிகாரி தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். இதுவரை மூன்று முறை அனுப்பிவிட்டார்.

மார்ச் 19
செய்துவிட்டேன்.
முதல் தாளின் காலிக் கட்டத்தில் 'முயல்போர்வை' என்று நானே எழுதினேன். அடுத்ததில் 'சாம்பல்குட்டி'. அப்புறம் கை நிற்கவே இல்லை — 'பஞ்சுச்சட்டை', 'குளிர்க்காரி'. பெயர் வைக்க நான் யார்? சிரித்துக்கொண்டே வேறு எழுதினேன், வெட்கக்கேடு.

மார்ச் 24
அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "எங்கம்மா புடிச்ச இந்தப் பேரையெல்லாம்?"
"பழைய குறிப்புல இருந்துச்சு சார்." எனக்கு வாய் கூசவே இல்லை.
"உன்னை வெளிய அனுப்பிட்டு நான் என்ன பண்றது? இனிமே பேர்க் கட்டம் மொத்தமும் உன் பொறுப்பு. இந்த ரூம் உனக்குத்தான்."
என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 25
உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை இந்த அறைதான். போனாப் போகட்டும். எனக்கு மூச்சு விடணும்.

ஏப்ரல் 2
சொன்னேன். "சார், அதெல்லாம் நானா வச்ச பேரு."
அவர் சிரித்தார். மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். போன வாரம் சேகரிப்பாளர் அண்ணன் கொண்டுவந்த செடியின் சீட்டு. பெயர்க் கட்டத்தில் அண்ணனின் கையெழுத்தில்: முயல்போர்வை. சொன்னவர்: களை எடுக்கும் பெண்.
"ஜனங்களே சொல்றாங்க. நீ வச்சேன்னு பெருமை அடிச்சுக்கிறியா?"

ஏப்ரல் 3
அண்ணனைப் படிக்கட்டில் மடக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"எனக்கும்தான் சீட்டைத் திருப்பி அனுப்பறாரு. உன் தாளைப் பாத்து எழுதிட்டேன்."
"அதை அவர்கிட்ட வந்து சொல்லுங்கண்ணா."
"சொன்னா என்னையும் உள்ள உக்கார வச்சிருவாரும்மா."
அவரைத் திட்ட வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மே 9
புதுக் கட்டு வந்தது. பன்னிரண்டு தாள். மதியத்துக்குள் பன்னிரண்டுக்கும் பெயர் எழுதிவிட்டேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.