பென்சில் கோடுகள்

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தைக்குக் கண் மருந்து வேளை தவறாமல் விடுகிறீர்களா? நான் நலம். ஆய்வுக்கூடத்தில் வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

பத்திரிகைக்குக் கதை தர மாதக் கடைசிவரை அவகாசம். இந்த விடுதியில், எழுதும்போது நடுவில் என்னைக் கூப்பிட ஆளில்லை. இஸ்திரிப் பலகைதான் மேசை. ஆனாலும் மூன்று வாரமாக ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. எழுதுகிறேன், எழுதியதை அடித்துவிடுகிறேன், எழுந்து நடக்கிறேன். நர்ஸாக இருக்கும் என் அறைத்தோழி நேற்றுச் சிரித்தாள். "அக்கா, நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்." பிறகு தாளை எடுத்துப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு? யாருக்குப் பயந்து அடிச்சீங்க? இங்க நானும் இந்த ஃபேனும்தான் இருக்கோம்."

அப்போதுதான் கவனித்தேன். "அம்மா படிச்சா என்ன நினைப்பாங்க, இது வேண்டாமே" என்று நீங்கள் பென்சிலால் மெல்லக் கோடு போடுவீர்களே, அதே மாதிரி வரிகளைத்தான் அடித்திருந்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் இல்லாமலே அந்த வேலை நடக்கிறதே என்றுதான் இருப்புக்கொள்ளவில்லை.

பார்சலில் என் பழைய கண்ணாடியும் பருத்திப் போர்வையும் வையுங்கள். உங்கள் போர்வையானாலும் சரி. பீரோ மேல்தட்டிலிருக்கும் கையெழுத்துப் பிரதிகளும் வேண்டும். அச்சில் வந்தவை வேண்டாம், நீங்கள் கோடு போட்டவைதான். அந்தக் கோடுகளுக்கு அடியில் என்ன எழுதியிருந்தேன் என்பது மறந்துவிட்டது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இந்தக் கடிதத்திலும் ஒரு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படிக்கலாம்.

உங்கள் மனைவி