ரஞ்சித் அண்ணா என்கிற நான்

ஜூன் 12, 2025

பாப்பா தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு முறை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாயிற்று. இன்னொரு முறை போனால் விழித்துக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

தடுப்பூசி போட வரிசையில் நின்றிருந்தேன். பின்னால் வந்த ஒருவர் நேராக எனக்கு முன்னால் போய் அட்டையை நீட்டினார். கையில் குழந்தைகூட இல்லை, மனைவி வெளியே ஆட்டோவில் இருக்கிறாராம். ‘வரிசையில வாங்க’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் வரவில்லை. பாப்பாவின் தொப்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து டெலிகிராம் குரூப்பைத் திறந்தால், ஜெஸ்வின் என்ற பையன் ஒரு கணக்குக்கு வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் போட்டிருந்தான். பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். “தம்பி, ஸ்டெப்பைத் தாண்டறவனும் வரிசையைத் தாண்டறவனும் ஒண்ணு. போய்ப் பின்னாடி நில்லு.” ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். “ரஞ்சித் அண்ணா இன்னைக்கு செம ஃபார்ம்.”

ரஞ்சித் அண்ணா நான்தான்.

ஜூன் 13

நேற்று எழுதியதைப் படித்தால் ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை.

ரஞ்சித் என் வீட்டுக்காரர். பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ரயில்வே தேர்வுக்குப் படித்த காலத்தில் இந்தக் குரூப்பில் சேர்ந்தார். வேலை கிடைத்ததும் குரூப்பையும் மறந்தார், அந்தப் போனையும் என்னிடம் தள்ளிவிட்டார். பெயர் ‘ரஞ்சித் பொன்மலை’ என்றே இருந்தது. படத்தில் பைக், கூலிங் கிளாஸ்.

பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருநாள் பார்த்தேன், யாரோ ஒரு கணக்குக்குத் தப்பான விடை போட்டிருந்தார்கள். நான் பி.எஸ்ஸி. கணிதம். தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, திருத்திப் போட்டேன். ‘நன்றி அண்ணா’ என்று வந்தது. அண்ணா இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளும் ஒரு கணக்கு, அதற்கு மறுநாளும். இப்போது தினமும்.

ரஞ்சித் அண்ணா அதட்டுவார், கிண்டல் செய்வார், ‘எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்றேன்’ என்று கூச்சமில்லாமல் ஒத்துக்கொள்வார். சிலிண்டர் ஆபீசுக்குப் போன் செய்ய அஞ்சுகிற இந்த வீட்டுக் குழலிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

ஜூலை 6

மலைக்கோட்டைக்குப் போனோம். பிரசவம் நல்லபடியாக முடிந்தால் தாயுமானவருக்கு வாழைத்தார் கொடுப்பதாக அம்மா வேண்டியிருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். தாரைத் தோளில் வைத்துப் படியேறியவர் ரஞ்சித். “பெத்தது நீ, வேண்டினது உங்கம்மா, தோள் மட்டும் என்னுதா?” சந்நிதி வரை இதே பாட்டு.

அம்பாள் சந்நிதியில் அர்ச்சகர் பெயர் கேட்டார். மட்டுவார்குழலி என்றேன். அம்பாள் பெயரேதான். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. காவிரியில் வெள்ளம். மகளின் பிரசவத்துக்கு அம்மாவால் அக்கரையிலிருந்து வர முடியவில்லை. சாமியே அம்மா உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நிற்கும்போது, அவர் மறைந்துவிட்டார். சின்ன வயதிலிருந்து கேட்டது. இடுப்பில் பாப்பாவோடு நின்றபோதுதான் புதிதாக ஒன்று தோன்றியது. அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள்? ஏமாந்தோம் என்றா? பிடித்த கை பிடித்ததுதானே. பார்த்த பிரசவம் பார்த்ததுதானே.

அவர் சாமி. வேஷத்தைக் கலைத்துவிட்டுப் போக இடம் இருந்தது. நான் எங்கே போவேன்?

ஜூலை 21

வந்தேவிட்டது. குரூப் நடத்துகிற ஜெயக்குமார், தேர்வு நெருங்குகிறது, ரஞ்சித் அண்ணா ஒரு நேரடிக் குரல் வகுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்று அறிவித்துவிட்டார். ஷிஃப்ட் என்றேன், தொண்டை சரியில்லை என்றேன். விடுகிறார்களா?

பெண் குரல் கேட்டால் போய்விடுவார்கள். இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்பார்கள். அது மட்டுமா? எனக்குப் பேச வருமா? காலேஜில் செமினார் எடுத்த அன்று கையில் சாக்பீஸ் உடைந்தது ஞாபகம் இருக்கிறது. பேசிய ஒரு வார்த்தையும் ஞாபகம் இல்லை. வகுப்பு சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ரஞ்சித்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரூப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “எனக்கு இவ்ளோ அறிவுன்னு எனக்கே தெரியாது” என்றார். பிறகு அவரே வழி சொன்னார். நான் எழுதிக் கொடுப்பது, அவர் படிப்பது.

ஆகஸ்ட் 2

எழுதாமல் தூக்கம் வராது.

சாயந்திரம் வகுப்பு. ரஞ்சித் தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார் — குரல் வகுப்புக்கு. நான் பக்கத்தில், மடியில் பாப்பா, அவள் வாயில் சப்பாத்தித் துண்டு. எழுதிக் கொடுத்ததை அழகாகத்தான் படித்தார். முடியப்போகிற நேரம், ஜெஸ்வின் கேட்டான். ஒரு பொருளின் விலையை இருபது சதவீதம் ஏற்றிவிட்டு, அதே இருபது சதவீதம் இறக்கினால்?

தாளில் இல்லாத கேள்வி. ரஞ்சித் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுப்பதற்குள் இவர், “இதுல என்னப்பா டவுட்டு? ஏத்தினதை இறக்கிட்டா பழைய விலைதான்” என்றார்.

தப்பு. இத்தனை பேர் எழுதிக்கொள்கிறார்கள், தப்பு! எப்படி நடந்தது என்று இப்போதும் தெரியவில்லை. போன் என் கையில் இருந்தது.

“இல்ல. தப்பு. யாரும் எழுதிக்காதீங்க. நூறு ரூபாயை ஏத்தினா நூத்தி இருபது. இப்ப இறக்கறது எதுல இருந்து? நூறுல இருந்தா? நூத்தி இருபதுல இருந்து. அதுல இருபது பர்சென்ட் இருபத்தி நாலு. மிச்சம் தொண்ணூத்தி ஆறுதான்.”

பாப்பா ‘த்தா’ என்று கத்தினாள்.

“நீங்க யாரு?” என்றான் ஜெஸ்வின்.

“ஸ்டெப்பைத் தாண்டினதுக்கு உன்னைப் பின்னாடி போய் நிக்கச் சொன்னேன்ல. அது நான்.”

அப்புறம் போனை அணைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா, காவிரிக்கரை அம்மாமண்டபத்துக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. போன் பரண்மேல் இருக்கிறது.

ஆகஸ்ட் 5

எடுத்துப் பார்த்தேன். சிலர் போய்விட்டார்கள். ஒருவன் ‘இத்தனை நாள் பொம்பளைகிட்டயா திட்டு வாங்கினோம்’ என்று எழுதியிருக்கிறான். நல்லவர்கள் ‘அண்ணி’ என்கிறார்கள். அதுதான் இன்னும் சுருக்கென்றது. அண்ணி என்றால் யார்? இல்லாத அந்த அண்ணாவின் பெண்டாட்டி.

ஜெயக்குமார் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். “சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதிக் குடுங்க, நான் பேசறேன். ரஞ்சித் அண்ணா பேர்லயே ஓடட்டும். பொம்பளைக் குரல்னா பசங்க விளையாட்டா எடுத்துப்பாங்க.”

யோசிச்சுச் சொல்றேன் என்றேன். எதற்கும் நான் சொல்கிற பதில்.

ரஞ்சித்திடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து, “அவன் தப்பாச் சொன்னா போனைப் பிடுங்க அவன் வீட்ல நீ இருக்க மாட்டியே” என்றார்.

ஆகஸ்ட் 6

முசிறியிலிருந்து வைஷ்ணவி என்று ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள்.

‘அக்கா, நான் ரொம்ப நாளா குரூப்ல இருக்கேன். ஒரு டவுட்டும் கேட்டதில்லை. பொண்ணு பேர்ல ஒரு கேள்வி போட்டாப் போதும், அன்னைக்குப் பூரா தெரியாத ஆளுங்க ஹாய் ஹாய்னு அனுப்புவாங்க. இப்ப உங்ககிட்ட கேக்கலாமா?’

கீழே படம் படமாகக் கணக்குகள். தள்ளத் தள்ள முடியவில்லை. எவ்வளவு நாளாகச் சேர்த்து வைத்திருந்தாளோ. நானும் அந்தக் குரூப்பில்தானே இருந்தேன், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. எனக்கு ஒருவரும் ஹாய் அனுப்பியதில்லை.

ஜெயக்குமாருக்குப் போன் செய்தேன். நானாகவே. “என் கணக்கை நான்தாங்க பேசுவேன். உங்க குரூப்ல வேணாம்னா தனியா நடத்திக்கறேன்” என்றேன். சரிங்க சிஸ்டர், தனியாவே நடத்திக்குங்க என்றார். வைத்தபிறகுதான் கவனித்தேன், ‘யோசிச்சு’ என்ற வார்த்தையே வரவில்லை.

ஆகஸ்ட் 9

டெலிகிராம் கணக்கின் பெயரை மாற்றினேன். முழுசாக. மட்டுவார்குழலி. பைக் படத்தை எடுத்துவிட்டு, பாப்பா என் முடியைப் பிடித்து இழுக்கிற படத்தைப் போட்டேன். “கூலிங் கிளாஸாவது மாட்டியிருக்கலாம்” என்றார் ரஞ்சித், நிஜமான வருத்தத்தோடு.

புதுக் குரூப்பில் பத்துப் பேர்கூட இல்லை. முதலில் எழுதிவைத்ததைப் பார்த்துப் படித்தேன். பிறகு கணக்குக்குள் போனதும், அதட்டல், கிண்டல், எல்லாம் தானாக வந்தது. அதே ஆள். அந்த அண்ணா வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. இதையெல்லாம் இத்தனை நாள் நான் ஏன் அவர் பேரில் எழுதிவைத்திருந்தேன்?

ஆகஸ்ட் 17

ஜெஸ்வின் வந்து சேர்ந்தான். வழிமுறை ஒன்றுவிடாமல் எழுதி ஒரு கணக்கு, கீழே ‘பின்னாடிதான் நிக்கறேன் அக்கா.’

செப்டம்பர் 14

பாப்பாவுக்குச் சளி. ஆஸ்பத்திரியில் ஒருவர் வரிசைக்குள் புகுந்தார். ‘பின்னாடி வாங்க சார்’ என்றேன். போனார். அவ்வளவுதானா! இதற்கா இத்தனை வருஷம்?

அக்டோபர் 26

வகுப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தேன். முன்பு என்றால் பாப்பா கத்துகிற இடங்களை வெட்டியிருப்பேன். விட்டுவிட்டேன். பாப்பா கத்தினால் பதில் சரி என்று அர்த்தமாம். பசங்க சொல்கிறார்கள்.

ஜனவரி 18, 2026

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம். ரஞ்சித் போய்த் திறந்தார். வாசலில் யாரோ பெரியவர் கேட்பது எனக்குக் கேட்டது.

“குழலி டீச்சர் வீடு இதுதானுங்களா?”

“ஆமாங்க.”

“முசிறியில இருந்து வரோம். என் பேரு வெள்ளைச்சாமி. வைஷ்ணவி அப்பா. பொண்ணு ரயில்வே முதல் பரீட்சை பாஸாயிடுச்சுங்க. நம்ம தோட்டத்துத் தாரு, டீச்சருக்குன்னு கொண்டாந்தோம். நீங்க?”

ரஞ்சித் கையை நீட்டித் தாரை வாங்கிக்கொண்டார்.

“நான் அவங்க வீட்டுக்காரர்.”

தாரைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து அடுப்படிக்குப் போகும்போது, மைக்குக்குக் கேட்காத குரலில், “எங்க இருந்து வந்தாலும் தோள் என்னுதுதான்” என்றார்.

பெரியவருக்குப் பின்னால் மெலிந்த ஒரு பெண், இரட்டைச் சடை, கூச்சம். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். வகுப்பை நிறுத்தட்டுமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வைஷ்ணவி பாப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அடுத்த பரீட்சை இருக்கிறதே.

மீதிக் கணக்கை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.