பெத்த செருவில் விட்ட பதுக்கம்மா

அன்புள்ள சுகுணாவுக்கு,

கனகய்யா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடியோ காலில் பேசினால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் காகிதம். எதிர்வீட்டு அஞ்சய்யா குவைத்துக்குக் கிளம்புகிறான். அவன் அம்மா ரொட்டியும் வெல்லமும் பிசைந்து செய்த மலிதா உருண்டையையும் கொடுத்தனுப்புகிறேன். உன் முதலாளியம்மா கேட்டால் ஒன்றுக்கு மேல் கொடுக்காதே.

நம் ஊர்ப் பெரிய ஏரி, பெத்த செருவைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. அதைத் தகரம் வைத்து அடைத்து, மீன் பிடிக்கக் கூடாதென்று சொன்ன வருடம்தானே நீ விமானம் ஏறினாய். இப்போது ஏரியைச் சுற்றி நடைபாதை, கலர் விளக்கு, மிதிபடகு, போட்டோ எடுக்க ஆளுயர இதயம். சாயங்காலமானால் ஊரே அங்கேதான். பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். வலை வீசிய என்னையே காவலுக்குப் போட்டு விசிலைக் கொடுத்தார்கள். தண்ணீர்ப் பக்கம் யார் போனாலும் ஊத வேண்டும். என் கூட்டாளி ராஜலிங்கம் தூண்டிலோடு வந்தான், ஊதினேன். "நேத்து வரைக்கும் என்கூட சேத்துல நின்னவன், சட்டை மாட்டினதும் எனக்கே ஊதுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இன்னும் பேசுவதில்லை.

அந்தச் சம்பளத்தை நம்பித்தான், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடாதே, வந்துவிடு என்று உன்னிடம் சொன்னேன். ஒருவனுக்குச் சோறு வடித்துத் தனியே தின்பது இனிக் கொஞ்ச நாள்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பண்டிகைக்கு நம் வீட்டுப் பதுக்கம்மா இந்த வருடமும் தவறக்கூடாது என்றாய் அல்லவா? ஆவாரம்பூவும் பண்ணைப்பூவும் பறித்து வந்து தாம்பாளத்தில் கோபுரமாக நானே அடுக்கினேன். கொஞ்சம் சாய்ந்திருந்தது. உச்சியில் மஞ்சள் கௌரம்மாவையும் பிடித்து வைத்தேன். "பாவா, பூ அடுக்கியாச்சு, வளையலும் போட்டுக்கிட்டு ஆட வரியா?" என்று மச்சான் முறை சொல்லி அஞ்சய்யாவின் பொண்டாட்டி கேட்க, தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்த முறை பூவைச் செருவில் விடக்கூடாதாம், அழுக்காகுமாம். ஓரத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். பெண்கள் சுற்றி ஆடிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே தொட்டியில் இறக்கினார்கள். நம்முடையதையும் வைத்தேன். அது நெரிசலில் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. நீயானால் போய் வா தாயே என்று வழியனுப்புவாய். தொட்டிக்குள் அவள் எங்கே போவாள்?

படகுத்துறைக் கதவின் சாவி என்னிடம்தான் இருந்தது. திறந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, நம் பூவை மட்டும் விட்டேன். காற்றுக்கு மெல்ல நகர்ந்து போயிற்று. உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்று போல அழுதேன். அதற்குள் பின்னால் சத்தம். "வாட்ச்மேன் பொண்டாட்டி பூவுக்குச் செருவு, எங்க பூவுக்குத் தொட்டியா?" அத்தனை பேரும் தொட்டியிலிருந்து பூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் ஊதியிருக்க வேண்டும். ஊதவில்லை. ஒதுங்கி வழிவிட்டேன்.

காலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "உன்னைக் காவலுக்குப் போட்டேனா, கதவு திறந்துவிடப் போட்டேனா?" என்றார். சட்டையையும் விசிலையும் வாங்கிக்கொண்டார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்த வாரம் ஏஜெண்ட் உன்னிடம் அந்த இரண்டு வருடக் காகிதத்தை நீட்டுவார். கையெழுத்துப் போடு என்று சொல்வதுதான் புத்தி. ராத்திரி சமைக்கக்கூடத் தோன்றாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்த ஒரு வரி மட்டும் எழுத வரவில்லை. இந்த வீட்டில் என் குரலைக் கேட்க ஆளில்லை, சுகுணா.

கௌரம்மா உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். இங்கே வேலையில்லாத புருஷன் ஒருவன்தான் இருக்கிறான் என்று தெரிந்தும் வர மனமிருந்தால், வந்துவிடு.

உன்,
கனகய்யா