கடைசி மேசையின் கீறல்கள்

மகள் வீட்டுக்கு ஒரு வாரம் என்று சொல்லிப் போய், மாதக்கணக்கில் தங்கிவிட்டவளுக்கு,

இங்கே நலம். சமையலும் நலம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

நம் கல்லூரி நூலகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி என்னைப் பேட்டி காண வந்தாள். சன்னலோரக் கடைசி மேசையடியில் தரையெல்லாம் நாற்காலி இழுத்த கீறல்களாம். அதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறாள்.

"அந்தக் காலத்துல ஆணும் பெண்ணும் கூச்சப்பட்டு நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்காங்க சார். 'விலகலின் தடங்கள்'னு தலைப்பு."

"கிட்ட இழுத்தாலும் கீறல் விழுமேம்மா?"

"அதுக்கு ஆதாரம் இல்லையே சார்!"

ஆதாரம் மகள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"படிக்க வந்தீங்களா, தரையை உழ வந்தீங்களா?" என்று நூலகர் கத்தியதும், நீ கொஞ்சமும் அசராமல், "இங்க வெளிச்சம் போதலை சார்" என்று என் பக்கம் இன்னும் நகர்ந்ததும் நினைவிருக்கிறதா? அப்போது உச்சி வெயில்.

நீ கிளம்பிய நாளைப் பற்றி எழுத இந்தத் தாளில் இடமில்லை. பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று கேட்காதே.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த நூலகத்திலேயே இதைப் பற்றி உரையாற்றுகிறாள். "உங்க வீட்டம்மாவும் அங்க படிச்சவங்கதானே? ரெண்டு பேருக்கும் முன்வரிசையில இடம் போடட்டுமா?" என்றாள். போடச் சொல்லிவிட்டேன்.

நீ வராவிட்டால், அவள் ஆராய்ச்சி சரி என்று ஆகிவிடும்.

இப்படிக்கு,
பக்கத்து நாற்காலிக்காரன்