காவேரியின் சேகோ மில்

கடத்தூர்
14-5-1974

அன்பு மகன் அர்ச்சுனனுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மாதேஸ்வரன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் மகள் காவேரியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் புது மருமகளும் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் நினைப்பு. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி காவேரியை மெட்ராஸில் உன் சிநேகிதர் குடும்பத்தோடு விமானம் ஏற்றிவிடச் சொன்ன கடிதம் வந்தது. பெற்றவன் கூப்பிடுகிறாய், தாயில்லாப் பிள்ளைக்கு ஒரு தாயும் கிடைத்திருக்கிறாள், குறுக்கே நிற்க எனக்கு நியாயம் இல்லை. உன் அம்மா பாவாடை இரண்டு தைக்கக் கொடுத்திருக்கிறாள், அந்தக் குளிருக்கு இது எந்த மூலைக்கு என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய, பிளாஸ்டிக் கல்லை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டுகிற ரயிலைப் பற்றி எழுதவேண்டும். தண்டவாளம், எஞ்சின், நாலு பெட்டி, ஒரு ஸ்டேஷன் எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் காவேரி, "ரயிலு சும்மாவே சுத்துது, ஏத்திக்கிட்டுப் போவ ஒண்ணுமே இல்லியே தாத்தா" என்றாள். அதனால் மிச்சக் கல்லை வைத்து, நம் ஊர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற ஆலை மாதிரியே ஒரு சேகோ மில் கட்டினோம். நாற்பது வருஷம் கொத்து வேலை செய்தவனுக்குக் கலவை இல்லாமல் கல்லைக் கல்மேல் அழுத்த அவள்தான் கற்றுக்கொடுத்தாள். மரவள்ளிக் கிழங்கு கழுவும் தொட்டி, மாவு காயும் களம், மூட்டை ஏற்றும் மேடை எல்லாம் வைத்தோம். மேடைக் கூரையில் எஞ்சின் இடித்து மூன்று தடவை பிரித்துக் கட்டினோம். புகைக்கூண்டுக்குச் சிவப்புக் கல் போதாமல் நடுவில் ஒரு வரிசை வெள்ளை. அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

மில்லைப் பிரித்துக் கல்லைப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள், இங்கே திரும்பக் கட்டிக்கொள்வாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றைக்கு அவள் உன் அம்மாவோடு சந்தைக்குப் போயிருந்தாள். நான் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாங்கிவந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றித் தடவி ஒட்டிவிட்டேன். மில் பிரியாவிட்டால் அதை விட்டு அவளும் போகமாட்டாள் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். வயசானால் புத்தி இப்படியும் போகிறது.

நேற்று அவள் பிரிக்க உட்கார்ந்தாள். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கல் ஏன் கழன்று வரவில்லை என்று கேட்டாள். சித்திரை வெயிலில் உருகி ஒட்டிக்கொண்டது என்று வாய் கூசாமல் சொன்னேன். உடனே நம்பிவிட்டாள். "நாந்தான் ஜன்னலோரமா வெச்சேன். அப்பா வைவாரா தாத்தா?" என்று கேட்டு அழுதாள். சாப்பிடாமலே தூங்கிப்போனாள்.

அர்ச்சுனா, அவளை வையாதே. எஞ்சினும் தண்டவாளமும் வரும், மில் வராது. அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிட்டால் பேச்சு தானாக வரும், மருமகளிடம் சொல். இருவரும் நல்லபடியாக நீடூழி வாழவேண்டும். மறக்காமல் ஒன்று செய். அவள் வந்து நாலு நாள் பழகினதும், தப்பு அவள்மேல் இல்லை, ஒட்டியது தாத்தாதான் என்று சொல்லிவிடு. நானே சொல்லலாம், தைரியம் இல்லை. இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது, அதில் ஒரு நாள் அவள் என்னோடு பேசாமல் இருந்தாலும் என்னால் தாங்க முடியாது.

இப்படிக்கு
உன் அப்பா
மாதையன்