வட்டியில்லாக் காசில் கெட்டிக்காரனான என் அண்ணனுக்கு

பிரியமுள்ள அண்ணே,

இந்த ஆடியோடு நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. போன வாரம் உன் வில்லாபுரம் வீட்டில் உனக்குச் சாமி கும்பிட்டோம். மதினி உனக்குப் பிடித்த எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்திருந்தாள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கூடப்பிறந்தவனுக்குப் படையல் போட்ட இடத்தில் இப்படி எரிச்சல் வரலாமா என்று தெரியவில்லை. உன்னிடமே கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். நீ திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மாதம் பிறந்தால் சம்பளம், சொந்த வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். ஊரில் நிறையப் பேருக்கு வாய்க்காத வாழ்க்கை அது. உனக்கு அது கேவலமாகத் தெரிந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தபால் ஆபீஸில் போடுகிறவனை எல்லாம் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாய்.

உன் கடன் கதையைத் தொடங்கி வைத்தது நான். இதை ஒளிக்கப் போவதில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்த ஏஜென்சியில் மூன்று வருடம் கிரெடிட் கார்டு விற்றேன். பிரபு என்றொரு டீம் லீடர். வெயிலிலும் டை கட்டிக்கொண்டு, நாங்கள் எட்டுப் பெண்களும் ஏதோ அவன் போட்ட பிச்சையில் சாப்பிடுவதுபோலப் பேசுவான். ஒரு மாதக் கடைசியில் விற்க வேண்டிய கணக்கில் எனக்கு இரண்டு கார்டு குறைந்தது. "சொந்தக்காரங்க யாருமே இல்லையா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். மறுநாள் மத்தியானம் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றேன்.

கார்டுக்கான விண்ணப்பப் பாரத்தை நான்தான் நிரப்பினேன். நீ கையெழுத்து மட்டும் போட்டாய். அந்தக் கமிஷனில் ஒரு குக்கர் வாங்கினேன். இன்றைக்கும் என் வீட்டில் அதில்தான் சோறு வேகிறது.

நான் நினைத்தது நீ ஒரு துணிக்கடையில் இரண்டு தடவை தேய்த்துவிட்டு மறந்துவிடுவாய் என்று. நீயா மறப்பாய்? கார்டோடு வந்த காகிதத்தை எழுத்து விடாமல் படித்தாய். கார்டின் பேரில் ஒரு லட்சம் வரைக்கும் டிராஃப்டாக வாங்கலாம், ஆறு மாதம் வட்டி கிடையாது, மாதாமாதம் ஒரு சின்னத் தொகை கட்டினால் போதும் என்று அதில் இருந்தது. ஆறு மாதம் முடிவதற்குள் இன்னொரு பேங்க் கார்டு அந்தப் பாக்கியைத் தன் பக்கம் வாங்கிக்கொள்ளும், அங்கேயும் ஆறு மாதம் வட்டி கிடையாது. இப்படியே கார்டு மாற்றி மாற்றிப் போனால் வட்டியே இல்லாத கடன் கையில் நிற்கும். அதை ஷேரில் போட்டால் வருவதெல்லாம் லாபம்.

என் வீட்டுக்கு வந்து இதை நீ விளக்கிய நாள் நினைவிருக்கிறதா? என் வீட்டுக்காரர் அப்போதுதான் லேத் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஊரான் வீட்டுக் காசு, நம்ம மூளை. லாபம் நமக்கு. புரியுதா மாப்ள?" என்றாய்.

"அது சரி மச்சான். குடுத்தவன் ஒரு நாள் திருப்பிக் கேப்பான்ல?"

நீ என் பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்காரருக்குக் கடைசல் பிடிக்கிறது மட்டுந்தான் தெரியும் போல" என்றாய். அவர் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. எட்டாவது வரை படித்தவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு எம்.எஸ்ஸி. படித்த நீ கடைசிவரைக்கும் பதில் சொல்லவில்லை.

ஒன்று ஐந்தாயிற்று. ஐந்து கார்டையும் சட்டைப் பையில் சீட்டுக்கட்டு மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தாய். பைபாஸ் ரோட்டில் ஒரு ஷேர் தரகர் ஆபீஸ். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அங்கேதான் கிடப்பாய். ரிட்டயரான ஆட்கள் பத்துப் பேர் டி.வி.யில் ஓடும் எண்களை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் நீ ஒரு மகான். சந்தை ஏறிக்கொண்டே இருந்தது. ஏறுகிற சந்தையில் யார் வாங்கினாலும் லாபம்தான். நீயோ அது உன் மூளையில் வந்த லாபம் என்று நம்பினாய். அந்தத் தரகரும் நம்பச் சொன்னார். நீ வாங்கினாலும் விற்றாலும் அவருக்குக் கமிஷன் உண்டு.

அந்த வருடம் தீபாவளிக்கு எனக்குப் பட்டுச் சேலை எடுத்தாய். "வச்சுக்க, பேங்க்காரன் எடுத்துக் குடுத்தது" என்று சொல்லிக் கொடுத்தாய். நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன். என்மேல் எனக்கு இருக்கும் வெறுப்பில் அந்தச் சேலைக்கும் பங்கு உண்டு.

தை மாதத்தில் சந்தை விழுந்தது. நீ அசரவில்லை. திரும்ப ஏறும் என்றாய். ஆனால் உன் கணக்கில் நீ எழுதாத ஒன்று நடந்தது. சந்தை விழுந்ததும் பேங்க்காரர்கள் பயந்துபோய் அந்த வட்டியில்லாத் திட்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். அடுத்த கார்டுக்கு மாற்றலாம் என்று நீ போன் போட்டபோது ஐந்து பேரும் முடியாது என்றார்கள். அன்றோடு உன் வட்டியில்லாக் கடன் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வட்டி கேட்கும் கடனாகிவிட்டது. கொடுத்தவன் கையை விரித்தால் என்ன ஆகும் என்று கணக்கு வாத்தியார் ஒரு தடவைகூட யோசிக்கவில்லையா?

நஷ்டத்தோடு விற்றுக் கட்டியிருக்கலாம். பாதியாவது தப்பியிருக்கும். விற்றால் தோற்றதாக ஆகிவிடும் அல்லவா? அதனால் மதினியின் நகையை, பாலிஷ் போடப் போகிறேன் என்று வாங்கிக் கொண்டுபோய் அடகு வைத்து மாதத் தவணை கட்டினாய். எம்புட்டுப் பெரிய மனுஷன் நீ. பொண்டாட்டியிடம் பொய் சொல்லிக் காத்த மானம் உன் மானம்.

நீ சாவதற்கு ஒரு வாரம் முன்னால் என் வீட்டுக்கு வந்தாய். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தாய்.

"என்ன மச்சான், மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்று இவர் கேட்டார்.

"வெயிலு மாப்ள. வேற ஒண்ணுமில்ல. வாரேன்" என்று எழுந்துவிட்டாய்.

அப்போது இவர் பட்டறைச் சீட்டில் எடுத்த பணம் வீட்டில்தான் இருந்தது. நீ வாயைத் திறந்திருந்தால் நகையையாவது மீட்டிருக்கலாம். இவரிடமா நீ கேட்பாய்? கடைசல் பிடிக்க மட்டும் தெரிந்தவரிடமா? அடுத்த வாரம் ஆசிரியர் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மூன்றாம் நாள் வசூல்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த காப்பியையும் குடித்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் என்றே நினைத்திருந்தோம். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் ஒருவன் மதினியிடம் ஆரம்பித்தான்.

"சார் போயிட்டார்னா பாக்கியும் போயிருமாம்மா? ஸ்கூல்ல இருந்து பணம் வரும்ல. அதுல கட்டிருங்க. இல்லன்னா சட்டப்படி உங்க மேலதான் கேஸ் வரும்."

மதினி நம்பிவிட்டாள். எனக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. எங்கள் ஏஜென்சியில் அடுத்த அறை வசூல் பிரிவு. பிரபு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்கிறேன். வார்த்தைக்கு வார்த்தை அதேதான்.

"எந்தச் சட்டம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"செத்தவரோட தங்கச்சி. உங்க பொழப்பைத்தான் நானும் மூணு வருசம் பாத்தேன். குடிச்ச காப்பி போதும், எந்திரிங்க."

எழுந்து போனார்கள். சாவு வீட்டுக் காப்பியில் வயிறு நனைக்கும் பிறவிகள். அவர்களை அப்படித் திட்டுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றும் அப்போதே நினைத்தேன். மறுநாள் வக்கீலைப் பார்த்தோம். நீ விட்டுப்போனதில் இருந்துதான் அவர்கள் கேட்கலாம், மதினி சொந்தமாகச் சம்பாதிப்பதில் கை வைக்க முடியாது, மிரட்டினால் போலீஸுக்குப் போங்கள் என்றார். காகிதம் எல்லாம் சரியாகி உன் ஷேர்களை விற்கப் பங்குனி வந்துவிட்டது. சந்தை அடிமட்டத்தில் கிடந்தது. வந்ததை வைத்து ஐந்து கார்டுக்காரர்களிடமும் பேசி முடித்தோம். நகை ஏலத்தில் போய்விட்டது. வீடு தப்பியது. மதினி இப்போது திருநகரில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள்.

நான் பாரம் நிரப்பிய கதையை மட்டும் மதினியிடம் சொல்லாமலே இருந்தேன். ஒன்றரை வருடம் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன பொங்கலுக்குத்தான் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். பீரோவுல நகல் இருந்துச்சு. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

"ஏன் மதினி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ ஒண்ணுதான் எழுதுன செல்வி. மிச்சம் நாலையும் அவருதான் எழுதுனாரு."

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார். நாங்கள் விற்ற ஷேர்கள் ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டனவாம். "பய கணக்குச் சரியாத்தான் போட்டிருக்கான். இருந்திருந்தா இன்னைக்கு எங்கயோ போயிருப்பான்" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். நீ போனபிறகு மதினி கடன்காரர்களிடம் தவித்தபோது ஒரு நூறு ரூபாய் தராத தலைகள்.

மதினி பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஆறு மாசத்துல திருப்பித் தாரேன்னு வாங்குன காசு மாமா அது. சந்தை ஏறுற வரைக்கும் பொறுத்துக்கன்னு யாருகிட்டப் போய்க் கேக்க?" என்றாள். சித்தப்பா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

உன் மூத்தவள் கயல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். காலேஜுக்குப் போகிறாள், தெரியுமா? நான் கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூட வந்தாள்.

"கடைசியில அப்பா பயந்தாரா அத்தை?"

"ஆமா. ரொம்பப் பயந்துட்டாரு."

"நம்மகிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம்" என்றேன். பஸ் வந்துவிட்டது. ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அப்போதுதான், இரண்டு வருடம் கழித்து, எனக்கும் அழுகை வந்தது.

உன்மேல் எனக்கு மதிப்பு திரும்பி வரவில்லை அண்ணே. பொய் சொல்லி உன்னைக் குளிர வைக்க மாட்டேன். ஆனால் ஒரு வாக்கு தருகிறேன். உன் பிள்ளைகள் இரண்டு பேரும் நாளைக்கு எந்தத் தப்பைச் செய்துவிட்டு என் வாசலில் வந்து நின்றாலும், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி