இருபத்து மூன்றாம் எண் சட்டை

9, திங்கள்

ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். ஆலை எடைமேடையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கேட் வரைக்கும் வரிசை. காலை ஷிப்ட் முடித்து ஆலத்தியூரிலிருந்து வீடு வந்து சேரும்போது மணி மூன்று.

செய்ய வேண்டியது:
மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ.
லூர்துவுக்கு பி.பி. மாத்திரை.
டி.வி.க்கு விளையாட்டுச் சேனல் வரும் பேக். இன்றே. மறந்தால் வீட்டில் சோறு கிடையாது.
பேனர் விஷயம்.

பேனர் செந்துறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். ஜெனிட்டாவின் பத்தாம் வகுப்பு போட்டோ, ரெட்டைச் சடையோடு. எங்கே பிடித்தார்களோ. கீழே, ‘ஆசியக் கோப்பை மகளிர் கால்பந்தில் இந்திய அணியின் கோல் கீப்பர்! செந்துறை தந்த வீராங்கனை!’ தப்பு. அணியில் மூன்று கீப்பர்கள். முதல் கீப்பர் ஜார்க்கண்ட் பெண் சலோமி, வயது இருபத்தாறு. என் மகள் இரண்டாவது. சட்டை எண் இருபத்து மூன்று. முப்பது வருடமாகக் கிலோ பிசகாமல் எடை போடுகிறவன், சொந்த மகளுக்குக் கள்ள எடை போட முடியுமா? ‘மாற்று’ என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னேன். பேனர் வைத்தவர்களில் ஒருவன், "மாமா, ஊர் கட்டுன பேனருக்கு நீங்களே ஓட்டை போடாதீங்க" என்றான்.

சாயங்காலம் அந்தப் பக்கம் இரண்டு தடவை போய்வந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

லூ. ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள், ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாளாம். ஜெனி ஆட்டத்தில் இறங்கிவிட்டால் மாதாவுக்குப் பட்டுச்சேலை சாத்துவதாக. நீல நிறம். என்னைக் கேட்கவில்லை. மாதாவைத்தான் கேட்டிருக்கிறாள்.

10, செவ்வாய்

முதல் ஆட்டம். ஆட்டம் நடக்கிற நாட்டில் சாயங்காலம், இங்கே மதியம் பன்னிரண்டரை. லீவு கிடைக்கவில்லை. எடைமேடை அறையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம், நானும் என் கூட்டாளி கலியபெருமாளும்.

நாட்டுப்பண். எழுந்து நின்றேன். க.பெ.யும் நின்றான். மேடையில் ஏறி நின்ற லாரி டிரைவர் ஹாரன் மேல் ஹாரன். க.பெ. ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "அண்ணன் பொண்ணு நிக்குதுய்யா" என்றான். டிரைவர் இறங்கி வந்து அவரும் நின்றார். நாமக்கல்காரர். நல்ல மனுஷன்.

ஜெனியை நான்கு விநாடி காட்டினார்கள். பெஞ்சில். சட்டைக்கு மேல், மாற்று ஆட்டக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு பனியன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அங்கே என்னதான் போடுகிறார்கள்?

எதிரிகள் சிவப்புச் சட்டை. நாட்டின் பேர் என் வாயில் நுழையவில்லை. ஆளுக்கு ஓர் ஆள் உயரம் கூட. இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். ஆனால் சலோமி! ஒரு பெனால்டியைப் பிடித்தாள் பாருங்கள், இடது பக்கம் பாய்ந்து, ஒற்றைக் கையால். நான் மேஜையைத் தட்டியதில் டீ கிளாஸ் விழுந்தது. அந்தக் கூத்தில் கல் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரி, வெறும் எடை போடாமலே கேட்டைத் தாண்டிவிட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவை. க.பெ. பைக்கில் துரத்திப் போய்த் திருப்பிக் கூட்டிவந்தான். "ஆபீஸ்ல சொல்ல மாட்டேன் அண்ணே, பிரியாணி" என்கிறான்.

வீட்டுக்கு வந்தால் லூ. உம்மென்று. அடுத்த ஆட்டத்தில் ஜெனியை எடுப்பார்கள்தானே என்று கேட்டாள். மற்ற இடம் மாதிரி இல்லை, கீப்பரைச் சும்மா மாற்ற மாட்டார்கள், அடிபட்டால்தான், இல்லை சிவப்பு அட்டை வாங்கினால்தான் என்றேன்.

பள்ளியிலிருந்து மாநில அணி வரைக்கும் ஜெனிதான் முதல் கீப்பர். பெஞ்சு என்பது என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியாது. லூ. கையில் கரண்டியோடு நின்றாள்.

"அப்ப நான் மாதாகிட்ட என்னாங்க கேட்டிருக்கேன்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "அந்தப் பொண்ணு காலு ஒடையணும்னு கேட்டிருக்க. பட்டுச்சேலை வேற" என்றேன், விளையாட்டாக.

அவள் சாப்பிடவில்லை.

11, புதன்

மாத்திரை வாங்கியாயிற்று. ஸ்க்ரூ இல்லை, பெரம்பலூர் போகச் சொல்கிறார் கடைக்காரர். ஒரு ஸ்க்ரூவுக்குப் பெரம்பலூர்!

ஜெனி போன் பண்ணினாள். ஆறு நிமிடம். அவளுக்கு அங்கே என்ன வேலை என்று இன்றுதான் தெரிந்தது. தினமும் சலோமிக்கு எதிரே நின்று பந்தை உதைத்துக்கொண்டே இருப்பதாம். எதிர் அணிக்காரி எப்படி உதைப்பாள் என்று வீடியோவில் பார்த்து அதே மாதிரி. "அந்தப் பெனால்டி, அக்காவுக்கு நான் எடது பக்கமே அடிச்சு அடிச்சுக் காட்டினதுப்பா. அந்தப் பொண்ணு எப்பவும் அங்கதான் அடிப்பா."

நேற்று நான் மேஜையைத் தட்டியது பாதி என் மகளுக்காகத்தான், தெரியாமலே. க.பெ.யிடம் சொல்ல வேண்டும். டிரைவர்களிடமும். பேனர்காரர்களிடமும்.

லூ. போனை வாங்கிக் கேட்டது ஒன்றே ஒன்று. சலோமிக்கு அம்மா இருக்கிறார்களா? இருக்கிறார்களாம். செங்கல் சூளையில் வேலை. அப்பா இல்லை. சம்பளம் மொத்தமும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜெனியின் ஷாம்பூவைத்தான் சலோமி போட்டுக்கொள்கிறாளாம். "நம்ம வேதக்காரங்கதாம்மா. கழுத்துல ஜெபமாலை போட்டிருப்பாங்க" என்றாள் ஜெனி. லூ. போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். வெகுநேரம் பாத்திரச் சத்தம். கழுவின பாத்திரத்தையே கழுவுகிறாள்.

12, வியாழன்

அரை நாள் லீவு போட்டு ஏலாக்குறிச்சி. அரியலூரில் பஸ் மாறி, திருமானூர் வழி. உட்கார இடம் கிடைத்தது. மேலே ஒரு கோழிக்கூடை, கீழே என் செருப்பு மேல் அதன் கைங்கரியம்.

லூ. நேராகச் சாமியாரிடம் போனாள். நேர்ந்துகொண்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் சின்ன வயது, கொஞ்சம் திணறினார். மாதா மனசைத்தான் பார்ப்பார், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். இவளுக்கு அது போதவில்லை. சொன்ன வார்த்தையைச் சொன்ன இடத்தில் திருத்த வேண்டும் என்று பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டு அரைமணி நேரம். நான் தூணில் சாய்ந்து நின்றேன், சொந்தக்காரன் வழக்குக்கு வந்தவன் மாதிரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். சேலை சேலைதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஜெனி இறங்குவதற்காக இல்லை, சலோமி முழுசாக வீடு திரும்புவதற்காக. ஜெனி பெஞ்சிலேயே இருந்தாலும் சரியாம்.

எனக்குச் சரியில்லை. சொல்லவில்லை. என் மகள் ஏழாம் வகுப்பிலிருந்து முட்டி தேய விழுந்து எழுந்தது பெஞ்சில் உட்காரவா?

13, வெள்ளி

இரண்டாவது ஆட்டம். லீவு. எதிரிகள் மஞ்சள் சட்டை.

ஆடினாள்!

ஜெனி ஆடினாள். எழுபத்தோராவது நிமிடத்திலிருந்து கடைசி வரை. கூடுதல் நேரம் ஆறு. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். இந்தியாவுக்காக. எங்கள் ஜெனி.

ஒன்றுக்கு ஒன்று. சமன். கடைசி நிமிடத்தில் மஞ்சள்காரி தனியாகப் பந்தோடு வந்தாள், எதிரே ஜெனி மட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்து வெளியே. இடது காலை நீட்டி உதைத்திருக்கிறாள். திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அதனால் பார்த்துவிட்டேன், ஐந்து தடவை. டி.வி.யில் இந்தி அறிவிப்பாளர் ‘ஜெனிட்டா அந்தோணிசாமி’ என்றார். என் பேரை ‘அந்தோனிஷாமி’ ஆக்கிவிட்டார். பரவாயில்லை.

தெருவில் வெடி. மேலத்தெரு உடையார் வீட்டிலிருந்து ஒரு தட்டு லட்டு. க.பெ. மட்டும் பதினோரு தடவை போன். எடைமேடையில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்ததை ரெக்கார்ட் பண்ணி அனுப்பியிருக்கிறான்.

லூ. லட்டைத் தொடவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு என்னாச்சின்னு கேளுங்க" என்கிறாள். ஜெனி போன் எடுக்கவில்லை.

14, சனி

நேற்று எழுதாமல் விட்டது.

அறுபத்தெட்டாவது நிமிடம். உயரப் பந்துக்குச் சலோமி எகிறினாள், மஞ்சள்காரியின் முழங்கால் விலாவில். சலோமி சுருண்டு விழுந்தாள். லூ. "மாதாவே, எந்திரிக்கட்டும், எந்திரிக்கட்டும்" என்று வாய்விட்டு. டாக்டர் ஓடினார். டி.வி.யில் பெஞ்சைக் காட்டினார்கள். ஜெனி ஆரஞ்சு பனியனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சலோமி ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

நான் நினைத்தேன், எழுந்திருக்க வேண்டாம் என்று.

நினைத்தேன். ஒரு விநாடி இல்லை, நன்றாகவே நினைத்தேன். அவள் மறுபடி படுத்தபோது எனக்குள் ஏதோ குளிர்ந்தது. பொண்டாட்டி தெரியாமல் கேட்டதற்குக் கேலி பண்ணினவன், தெரிந்தே கேட்டேன்.

போகும்போது சலோமி தன் கையுறையால் ஜெனியின் கையுறையைத் தட்டிவிட்டுப் போனாள்.

பேனர்காரர்கள் வந்தார்கள், மாலையோடு. "இப்பவும் மாற்றுன்னு போடணுமா மாமா?" என்றான் அதே பையன். இப்பவும் மாற்றுதான் என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையை வாங்கிச் சைக்கிளில் மாட்டினேன்.

சாயங்காலம் ஜெனியின் மெசேஜ். எலும்பு முறிவில்லை, விலாவில் ரத்தக்கட்டு. லூ. அப்போதுதான் லட்டு எடுத்தாள். இரண்டு.

15, ஞாயிறு

பூசை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வரிசை இல்லை. போய்ச் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்து, செருப்பைத் தேடுவதுபோல வெளியே வந்துவிட்டேன். கறி எடுத்தேன். மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

16, திங்கள்

மூன்றாவது ஆட்டம். ஜெயித்தால் காலிறுதி. காலை பதினொன்றரைக்கு. இந்த வாரம் மதிய ஷிப்ட், அதனால் வீட்டிலேயே. வெள்ளைச் சட்டை.

ஆடுகிறவர்கள் பேர் வந்தது. ஒன்றாம் எண், சலோமி. லூ. சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு ஒரு கணம் நெஞ்சு இறங்கியது. அதையும் எழுதிவிட வேண்டியதுதான்.

பிறகு டி.வி.யில் மைதான ஓரம். சலோமி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், ஜெனி அவள் விலாவைச் சுற்றி வெள்ளை டேப் சுற்றுகிறாள். பல்லால் கடித்து அறுத்தாள். கோணி தைக்கும்போது அவள் அம்மா நூலைக் கடிப்பாளே, அதே வாய். சுற்றி முடித்ததும் சலோமி குனிந்து ஜெனியின் நெற்றியில் நெற்றியை முட்டினாள். மூன்று நாள் முன்னால் இருபத்தைந்து நிமிடம் இந்தியாவுக்கு நின்றவள், இன்று அந்த இடத்தை இன்னொருத்திக்குத் தன் கையாலேயே கட்டித் தருகிறாள். முகத்தில் துளி சுணக்கம் இல்லை. நான் பெற்றதா இது? வெள்ளிக்கிழமை அந்த உதை பெரிசா, இது பெரிசா என்றால் இதுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியில் ஸ்க்ரூ இல்லாததால் துடைக்கும்போது கழன்று விழுந்தது.

அப்போதே லூர்துவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் என்ன நினைத்தேன் என்று, முழுசாக.

"தெரியும்" என்றாள், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்க மூஞ்சியப் பாத்தேன்."

அவ்வளவுதான். கடலை உரித்துக் கையில் கொடுத்தாள்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம்! காலிறுதி! சலோமி விலாவைப் பிடித்துக்கொண்டே ஐந்து பந்து தடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் நான் கத்தியதில் பக்கத்து வீட்டில் ஜெனிதான் ஆடுகிறாள் என்று நினைத்து ஓடி வந்தார்கள். ஜெனி பெஞ்சில் என்றேன். ஆடுவது சலோமி என்றேன். அது யார் என்றார்கள். உட்காருங்கள் சொல்கிறேன் என்றேன். ஷிப்டுக்கு லேட். க.பெ. பார்த்துக்கொண்டான், இரண்டாவது பிரியாணி.

18, புதன்

நீலப் பட்டு. ஜெயங்கொண்டத்தில் எடுத்தது. லூ. ஒன்பது சேலை பிரித்துப் பார்த்தாள், கடைப்பெண் பொறுமைசாலி.

ஏலாக்குறிச்சி. கூட்டம் குறைவு. காணிக்கை எழுதுகிற மேஜையில் ஒரு பெரியவர், நோட்டும் பேனாவுமாக. யார் பேருக்கு என்று கேட்டார். லூ. என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டும் என்று நிற்கிறாள்.

"சலோமி" என்றேன். "அப்புறம் ஜெனிட்டா."

எழுதினார். தலை நிமிராமல், இரண்டு பேரும் என்ன முறை என்றார். நான் விளக்க வாயெடுத்தேன். ஜார்க்கண்ட், முதல் கீப்பர், மாற்று கீப்பர், எல்லாவற்றையும் சொல்லத்தான்.

லூ. முந்திக்கொண்டாள். "மூத்தவ, சின்னவ."

பூசை முடிவில் மைக்கில் வாசித்தார்கள். செந்துறை அந்தோணிசாமி, லூர்து மேரி தம்பதியர், தங்கள் மகள்கள் சலோமி, ஜெனிட்டா இருவருக்காகவும் மாதாவுக்குச் சாத்திய சேலை.

தப்பான தகவல். கோயில் முழுக்கக் கேட்டது. நான் திருத்தச் சொல்லவில்லை.